வரி 218

ரூவியில் மூன்றாம் மாடி.
கீழே பணம் அனுப்பும் கடையின் வெள்ளிக்கிழமை வரிசை
வளைந்து பேக்கரி வாசல்வரை போயிருக்கிறது.
எனக்கு விடுமுறை இல்லை.
ஜெபசிங் விட்டுப்போன கணக்கை
மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.
அதே தரவு, அதே நிரல்,
அதே விடை வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வரவில்லை.

அவர் அறிக்கையில் 0.041.
என் திரையில் 0.13.
அதுவரை கேட்காத ஏசியின் சத்தம்
கேட்கத் தொடங்கியது.

சோதனை சிக்கலானதல்ல.
வெயிலில் வேலை செய்கிறவர்கள் இருநூற்று நாற்பது பேர்.
பாதிப் பேருக்கு உப்புப் பொட்டலம்,
மீதிப் பேருக்கு அதே நிறத்தில்
அதே எலுமிச்சை வாசத்தில் வேறொன்று.
கொடுத்தவருக்கும் தெரியாது குடித்தவருக்கும் தெரியாது.
பன்னிரண்டு வாரம் கழித்து
சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று
ரத்தத்திடம் கேட்க வேண்டும்.

கோப்புறையில் 'இறுதி' இருந்தது.
'இறுதி 2' இருந்தது.
'உண்மையான இறுதி', 'இதை மட்டும் எடுக்கவும்'.
நான்கு இறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
வரி வரியாக ஒப்பிட்டதில்
செவ்வாய் இரவு அகப்பட்டது, வரி 218:
பன்னிரண்டாம் வாரம் காலியாக இருந்தால் நீக்கு.

ஏன் என்று ஒரு சொல் இல்லை.

முழுப் பூசணிக்காய் அல்ல, ஒரு வரி.
அதற்குள் பதினோரு பேர்.
ஸ்கேன் செய்த தாள்களில் நர்ஸின் சாய்ந்த கையெழுத்து:
037, ஊருக்குப் போய்விட்டார்.
052, சுஹாருக்கு மாற்றம்.
118, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.
171, விசா முடிந்தது, கால் வீக்கம் என்றார்.
பதினோரு பேரில் ஒன்பது பேர் உப்புப் பக்கம்.

ஜெபசிங் இப்போது மனாமாவில் இருக்கிறார்.
"பொய் இல்லங்க" என்றார் போனில்.
"ராத்திரி ரெண்டு மணி. காலிக் கட்டம் வந்தா
நிரல் நின்னு போயிரும். காலையில ஃபைல் கேட்டாங்க.
தற்காலிகமாத்தான் போட்டேன்."
பின்னால் ஒரு குழந்தை அழுதது.

தற்காலிகம்.
இரண்டு வருஷம் என்று வந்து
பதினேழு வருஷமாக இங்கே இருக்கிறவள் நான்.
அந்தச் சொல்லைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.
அவர் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டு வைத்துவிட்டேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பை வாங்கிக் குடித்தவரை
யார் நினைக்க வேண்டும் என்று
அந்தப் பழமொழியில் இல்லை.

வரி 218ஐ அழிக்கவில்லை.
அழித்தால் அதுவும் இன்னொரு நீக்கம்.
முன்னால் ஒரு குறியிட்டு ஊமையாக்கினேன்.
மேலே எழுதினேன்: இது பதினோரு பேரை எடுத்துவிடும்,
நெறிமுறையில் இதற்கு இடமில்லை,
காலி இடங்களை நிரப்பிய முறை கீழே.
ருக்கையா, ஜூலை 9.

நிரப்புவது பகடை உருட்டுகிற மாதிரி.
ஒரே விதை எண்ணைக் கொடுத்தால்
யார் உருட்டினாலும் ஒரே பக்கம் விழும்.
பிறந்த தேதியைப் போடவில்லை, ராசி எண்ணையும் போடவில்லை.
சோதனையின் பதிவு எண்ணையே போட்டேன்.
பிடித்தது விழும்வரை விதை மாற்றினாயா என்று
நாளை ஒருவர் கேட்பார்.
கேட்கட்டும். பதில் நிரலிலேயே இருக்கிறது.

பிறகு மொத்தக் கோப்புறையையும் கட்டி
ஷார்ஜாவில் நான் பார்த்தேயிராத ஒருத்திக்கு அனுப்பினேன்.
விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
நான் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டியிருந்தால்
அது கணக்கு அல்ல, என் வார்த்தை.

வியாழன் சாயங்காலம் பதில் வந்தது.
வணக்கம்கூட இல்லை:
0.1312.
என்னுடையதும் 0.1312.

உப்பு வேலை செய்தது என்று சொல்ல முடியாது.
செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.
ஞாயிறு காலை
பணம் போட்ட கம்பெனியிடம் இதைச் சொல்ல வேண்டும்.
எந்தச் சட்டை போடுவதென்று யோசிக்கிறேன்.

மறுபடி வெள்ளி. வரிசை பேக்கரியைத் தாண்டிவிட்டது.
சுஹாரிலிருந்து வந்து 052 அதில் நிற்கலாம்.
எனக்கு முகம் தெரியாது.
தெரியக் கூடாது என்பது விதி.
எண்ணிக்கையில் மட்டும்
இருநூற்று நாற்பதும் இருக்கிறது.